வெள்ளிக்கோளின் கடப்பை மக்களுக்கு உரைத்தவர்

மயிலாப்பூருக்கு வடமேற்கே, நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக் கூடத்தில் முதல் உதவியாளராகத் திகழ்ந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. எனினும் நாம் அவரைப் போற்றுவது பிறிதொன்றன் பொருட்டே.

1874 டிசம்பர் 9-இல் வெள்ளிக்கோள் கதிரவன் முகத்தைக் கரும்புள்ளியெனக் கடந்தது. வெள்ளி ஏறத்தாழ 225 நாளிலும் பூமி 365 நாளிலும் கதிரவனைச் சுற்றுகின்றன. இரண்டன் பாதைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் சற்றே சாய்ந்துள்ளமையால், மூன்றும் நேர்கோட்டில் நிற்பது அரிது. எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தால், பின்னர் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இவ்வரிய நிகழ்வு கூடத்துச் சுவர்களுக்குள் அடங்கிவிடக் கூடாதென எண்ணிய அவர், உரையாடல் வடிவில் சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் உருதுவிலும் வெளிவந்தது. வெள்ளியை ஸுஹ்ரா என்றழைக்கும் திருவல்லிக்கேணி உருது இல்லங்களையும் தம் வாசகராகக் கருதிய அப்பெருந்தகைமை நம்மை நெகிழச் செய்கிறது. கற்றோர் பலரிடம் அது இன்றும் அரிதே!

1880-இல் அவர் மறைந்தார். 2004-இலும் 2012-இலும் அக்கடப்பைத் தமிழகத்தார் மீண்டும் கண்டனர். இனி அது 2117-இல்தான்.