கியோர்க் கெல்லிங்

கியோர்க் கெல்லிங் (ஜூலை 7, 1866 – பெப்ரவரி 1945) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த இரைப்பை, குடல் நோய் மருத்துவர்; அறுவை மருத்துவரும் ஆவார். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளை வழியே குழாயொன்றைச் செலுத்தி உள்ளுறுப்புகளை நேரில் காணும் முறையை 1901 இல் செய்து காட்டினார். இம்முறை இன்று லேப்பரோஸ்கோப்பி எனப்படுகிறது. இரைப்பைப் புற்றுநோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய மருத்துவர்கள் இன்று நாடும் சோதனைக்கு இதுவே மூலம்.

வாழ்க்கை

கெல்லிங் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். 1890 இல் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். இரைப்பையின் கொள்ளளவை அளப்பதே அவரது ஆய்வேட்டின் பொருள். பின்னர் டிரெஸ்டனிலேயே மருத்துவப் பணியாற்றினார். உணவுக்குழாயைப் பார்க்கும் கருவியொன்றையும் வடிவமைத்தார்.

1901 ஆம் ஆண்டுச் சோதனை

அக்காலத்தில் இரைப்பையிலும் குடலிலும் ஏற்படும் குருதிப்போக்கை நிறுத்தத் தக்க வழி இருக்கவில்லை. வயிற்றைத் திறந்து பார்ப்பதே பலருக்கு உயிராபத்தாக முடிந்தது. வயிற்றறையைக் காற்றால் நிரப்பினால் அவ்வழுத்தம் குருதிப்போக்கை அடக்கும் எனக் கெல்லிங் கருதினார். அழுத்தத்தால் உறுப்புகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அறியவே உள்ளே பார்க்கும் தேவை எழுந்தது.

செப்டம்பர் 23, 1901 அன்று ஹாம்பர்க் நகரில் நடைபெற்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர், மருத்துவர் மாநாட்டில் நாயொன்றின் வயிற்றறையில் பஞ்சினால் வடிகட்டிய காற்றைச் செலுத்தினார். பின்னர் மாக்ஸ் நிட்சே உருவாக்கிய சிறுநீர்ப்பை உள்நோக்கியை அதனுள் நுழைத்து உறுப்புகளைக் காட்டினார். குருதிப்போக்கை அடக்கும் எண்ணம் நிலைக்கவில்லை. அதற்குத் துணையாக வந்த பார்வை முறையே நிலைத்தது.

அதே ஆண்டில் ரஷ்ய மருத்துவர் திமித்ரி ஓட் வேறொரு வழியில் வயிற்றறையைப் பார்த்தார். 1910 இல் சுவீடன் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் மனிதரில் இம்முறையைக் கையாண்டு கட்டுரை வெளியிட்டார். தாம் அதற்கு முன்பே இருவரிடம் இதைச் செய்துவிட்டதாகக் கெல்லிங் உரிமை கோரினார். எனினும் விரிவான பதிவை உரிய காலத்தில் வெளியிடாததால், மனிதரில் முதன்மை பெரும்பாலும் யாக்கோபேயசுக்கே வழங்கப்படுகிறது.

பிற்காலம்

வேறு விலங்கின் கருவுயிரணுக்களே புற்றுநோய்க்குக் காரணம் என்று கெல்லிங் கொண்டிருந்த கொள்கை தவறானது. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி பொருளாதாரச் சீரழிவில் இருந்த 1923 இல் அவர் முன்வைத்த வாதம் இன்றும் பொருந்துகிறது. தேவையற்ற பெரிய அறுவையைத் தவிர்த்தால் நோயாளியின் துன்பமும் மருத்துவமனையின் செலவும் குறையும் என்பதே அது. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் மீது நடந்த விமானக் குண்டுவீச்சில் கெல்லிங் உயிரிழந்தார்.

இந்தியாவில் மும்பையின் ஜே. ஜே. மருத்துவமனையில் தெகெம்டன் உத்வாடியா 1972 இல் நோயறிய இம்முறையைக் கையாளத் தொடங்கினார். விலையுயர்ந்த படச்சோதனைகள் கிட்டாத நாட்டில் இது சிக்கனமான வழி என்பது அவரது வாதமும் ஆகும்.

இரைப்பைப் புற்றுநோயில் பயன்பாடு

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே முன்னிலை வகிக்கும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. இந்நோய் பலருக்கு முற்றிய பின்னரே கண்டறியப்படுகிறது. இரைப்பைச் சுவரைத் துளைத்த கட்டியிலிருந்து உதிரும் உயிரணுக்கள் வயிற்றறையின் உள்ளுறையில் கடுகளவுப் புள்ளிகளாகப் படிகின்றன. சில மில்லிமீட்டர் அளவுள்ள இவை சி. டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை. முன்னர் இத்தகையோர் வயிறு திறக்கப்பட்டு, கட்டியை எடுக்க இயலாமல் மீண்டும் தைக்கப்பட்டனர். பயனற்ற அந்த அறுவையால் அவர்களது மருந்து சிகிச்சையும் தாமதமானது.

இப்போது கட்டி சுவரின் ஆழத்தை எட்டியிருந்தாலோ நிணநீர் முடிச்சுகள் பெருத்திருந்தாலோ, சிகிச்சைக்கு முன் லேப்பரோஸ்கோப்பி செய்வது பரிந்துரைக்கப்படுகிறது. மயக்கம் கொடுத்து, கரியமில வாயுவால் வயிற்றை விரித்து, உள்ளுறை, கல்லீரலின் மேற்பரப்பு, இடுப்புக்குழி ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஐயத்திற்குரிய புள்ளியிலிருந்து திசு எடுக்கப்படுகிறது. புள்ளி எதுவும் காணப்படாவிடினும், உப்புநீரால் வயிற்றறையைக் கழுவி, அந்நீரில் புற்று உயிரணு உள்ளதா என நுண்ணோக்கியால் ஆராய்வர். இருந்தால் அது நான்காம் நிலை நோயாகக் கணக்கிடப்படும். அத்தகையோருக்கு உடனடி அறுவைக்கு மாறாக மருந்து சிகிச்சை தொடங்கப்படுகிறது. பரவல் இல்லாதோருக்கும் பொதுவாகச் சில சுற்று மருந்துக்குப் பின்னரே இரைப்பை அகற்றப்படுகிறது. மருந்துக்கு நோய் நன்கு கட்டுப்பட்டால், மீண்டும் உள்ளே பார்த்து அறுவை பற்றி முடிவெடுப்பதும் உண்டு.

கல்லீரலின் உட்பகுதியில் மறைந்துள்ள கட்டியை இம்முறையால் காண இயலாது. அதற்கு ஸ்கேனே தேவை.