போலந்துப் பிள்ளைகளின் பாப்பு



நம் விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம் பக்கம் போகிறவர்களுக்கு அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம்கள் தெரிந்திருக்கும். முகாமிலிருந்து ஞாயிறு திருப்பலிக்கு வரும் ஒருவர் பெயிண்டிங் வேலை செய்பவர். ஒரு நாள் பத்தாம் வகுப்பு படிக்கும் தம் மகளோடு என்னிடம் வந்தார். பிள்ளை இங்கேதான் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, குடியுரிமை இல்லை. இவள் எந்த நாட்டுப் பிள்ளை சாமி என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஜாம்நகர் மன்னரின் கதைதான் நினைவுக்கு வந்தது.

திக்விஜய்சிங்ஜி 1895-இல் பிறந்தவர். கிரிக்கெட் பிரியர்களுக்கு இவரைவிட, ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த இவருடைய பெரிய வீட்டு உறவினர் ரஞ்சித்சிங்ஜியை நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் படித்து, ராணுவத்தில் பணியாற்றி, 1933-இல் நவாநகர் சமஸ்தானத்தின் அரியணை ஏறினார்.

1939 செப்டம்பரில் போலந்து நாட்டை மேற்கிலிருந்து ஹிட்லரும் கிழக்கிலிருந்து ஸ்டாலினும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கிழக்குப் பகுதியின் பெரும்பங்கு இன்று உக்ரைனிலும் பெலாரசிலும் இருக்கிறது. அங்கிருந்த குடும்பங்களைச் சரக்கு ரயில்களில் அடைத்து சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள். குளிரிலும் பசியிலும் பெற்றோர் பலர் இறந்தார்கள். 1941-இல் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கிய பிறகே எஞ்சியவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அநாதைப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

போர்க்கால அமைச்சரவையில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றிருந்த மன்னர், அவர்களைத் தம் ஊருக்கு அனுப்பச் சொன்னார். 1942-இல் லாரிகளில் பாரசீகம் வழியாக வந்த பிள்ளைகளுக்கு, ஜாம்நகருக்கு அருகே பாலாச்சடி என்ற கடற்கரையில் தம் கோடை அரண்மனையை ஒட்டி முகாம் அமைத்தார். நீங்கள் இனி அநாதைகள் அல்ல, நான் உங்கள் தகப்பன் என்று அவர்களை வரவேற்றார். பிள்ளைகளும் அவரைக் குஜராத்தி வழக்கப்படி பாப்பு என்றே அழைத்தார்கள்.

வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளும் பெரும்பாலும் கத்தோலிக்கர், மன்னரோ இந்து. பிற்காலத்தில் சோமநாதர் கோயில் திருப்பணியிலும் முன்னின்றவர். அவர்களை மதம் மாற்ற எண்ணாமல் ஜெபிக்க இடமும், போலிஷ் மொழியில் படிக்கப் பள்ளியும் நூலகமும் தந்தார். முகாமின் பொறுப்பு அருள்தந்தை பிரான்சிசெக் புளூட்டாவிடம் இருந்தது. ஒருமுறை பசலைக்கீரை பிடிக்காமல் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்களாம். விஷயம் மன்னரின் காதுக்குப் போனதும் அந்தக் கீரையே சமையலறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். (நம் விடுதிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாதிருப்பது நல்லது.)

1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த காலம் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாட்டின் துயரமெல்லாம் அவரால் தீரவில்லை. தம் வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான சோதனை போர் முடிந்தபின் வந்தது. போலந்தில் அமைந்த கம்யூனிச அரசு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கேட்டது. விருப்பமில்லாத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக மன்னரும் அருள்தந்தை புளூட்டாவும் ஓர் ஆங்கிலேய அதிகாரியும் சேர்ந்து அவர்களைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். வரவேற்பில் சொன்ன வார்த்தை அரசாங்கத் தாளில் ஏறியது. சோறும் கூரையும் கொடுப்பது ஒன்று. பிள்ளைக்குக் காகிதத்தில் பெயர் கொடுப்பது இன்னொன்று. நாற்பது ஆண்டுகளாக நம் முகாம்களில் முதலாவது நடக்கிறது. 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாறியது. இரண்டாவதுக்குத்தான் அந்தத் தகப்பன் இன்னும் காத்திருக்கிறார்.

1946-இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. பிள்ளைகள் கோலாப்பூர் அருகே வலிவடே முகாமுக்குப் போய், பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போலந்து என்று பிரிந்தார்கள். இன்று அந்த இடத்தில் சைனிக் பள்ளி நடக்கிறது.

கைம்மாறாக என்ன வேண்டும் என்று போலந்துத் தலைவர் சிக்கோர்ஸ்கி கேட்டபோது, விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தம் பெயர் வைத்தால் போதும் என்றாராம் மன்னர். அவர் 1966-இல் இறந்தார். பிற்காலத்தில் வார்சா நகரில் ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா சதுக்கம் என்று பெயரிட்டார்கள். 2022-இல் உக்ரைன் போரிலிருந்து தப்பிய இந்திய மாணவர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு, போலந்தின் எல்லையைக் கடந்து உள்ளே வந்தபோது, பாலாச்சடியின் பெயர் அங்கே மறுபடியும் பேசப்பட்டது.