தஞ்சைப் பெருங்கோயில் எழுப்பிய மாமன்னன் இராஜராஜ சோழன்

சோழவள நாட்டின் தலைநகராய் விளங்கிய தஞ்சாவூர், காவிரி நீர் பாயும் நெல்வயல்கள் சூழ்ந்த பழம்பதியாகும். அந்நகரின் பெயரைக் கேட்டவுடன் சைவ மக்களின் மனக்கண்ணில் தோன்றுவது வானளாவிய பெரிய கோயிலே. அதனை எழுப்பிய பெருமைக்குரியவன் முதலாம் இராஜராஜ சோழன்.

சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவியாருக்கும் மகனாகச் சதய நட்சத்திரத்தில் பிறந்த இம்மன்னனின் இயற்பெயர் அருண்மொழிவர்மன். இளமையிலேயே பெருந்துயர் அவனைச் சூழ்ந்தது. தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். தந்தை இறக்க, தாயாரும் உடன்கட்டை ஏறினார். இந்நிலையில் அவனுக்குத் துணையாய் நின்றவர்கள் தமக்கையார் குந்தவையாரும், பாட்டி முறையான செம்பியன் மாதேவியாருமாவர். செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய செம்பியன் மாதேவியாரின் சிவபக்தி அவன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

குடிமக்கள் தன்னை அரசனாக்க விரும்பியபோதும், சிறிய தந்தை முறையான உத்தம சோழனுக்கு அரசுரிமையை விட்டுக்கொடுத்துப் பொறுமையோடு காத்திருந்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. கி.பி. 985ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். சேர, பாண்டிய நாடுகளும் ஈழத்தின் வடபகுதியும் அவன் ஆட்சிக்குட்பட்டன. ஈழப் போரில் அநுராதபுரம் அழிவுற்றது. பொலன்னறுவை சோழரின் தலைநகராயிற்று. அதே மன்னன் நாகபட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கியமையும் வரலாறே.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. மலையே இல்லாத நெல்வயல் பூமியில், வெளியிடங்களிலிருந்து கருங்கற்களைக் கொணர்ந்து இதனை அமைத்தனர். தலைமைச் சிற்பியின் பெயர் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன். கி.பி. 1010இல் மன்னன் விமானத்திற்குரிய கலசத்தை அளித்தான். கருவறையைச் சூழ்ந்த மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. உட்சுற்றிலுள்ள சோழர்கால ஓவியங்கள் பிற்கால ஓவியங்களால் மறைந்து கிடந்து, 1931ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டன. 1987இல் இக்கோயில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எனினும், இம்மன்னனின் உண்மையான பெருமை விமானத்தின் உயரத்தில் மட்டும் இல்லை. கோயிலைக் கட்டி முடித்ததோடு கடமை தீர்ந்ததென அவன் கருதவில்லை. நாளைய பூசை எவ்வாறு நடக்கும், விளக்கை யார் ஏற்றுவார், அவருக்கு உணவு எங்கிருந்து வரும் என்பவற்றையெல்லாம் எண்ணி ஒழுங்கு செய்தான். தேவாரம் விண்ணப்பிக்க 48 பேரும், அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரும் நியமிக்கப்பட்டனர். ஆடல் மகளிர் 400 பேருக்குத் தனித்தனி வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பட்டன. அவர்களின் பெயர், முன்பு இருந்த ஊர், வீடு இருந்த வரிசை என்பனவும் கல்லில் பொறிக்கப்பட்டன. தையற்காரர், வண்ணார், நாவிதர், குயவர் ஆகியோருக்கும் பங்கு குறிக்கப்பட்டது. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். தான் கொடுத்ததையும் தமக்கையார் கொடுத்ததையும் தேவியர் கொடுத்ததையும் ஏனையோர் கொடுத்ததையும் வேறுபாடின்றி எழுதி வைக்கச் செய்தான். மன்னனின் பொன்னுக்கும் சாதாரணர் தந்த சிறு கொடைக்கும் அக்கோயிற் சுவரில் இடம் உண்டு.

இக்கணக்கில் ஈழத்திற்கும் பங்குண்டு. ஈழநாட்டு ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைக் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. வன்னிக்கு அணித்தான மாதோட்டத்தில் தாழி குமரன் என்னும் சோழ அதிகாரி இராஜராஜ ஈஸ்வரம் என்ற சிவாலயத்தை எழுப்பியதை அங்கு கிடைத்த தமிழ்ச் சாசனம் கூறுகின்றது. அவ்வாலயம் இன்றில்லை, அதன் கல்வெட்டே எஞ்சியுள்ளது.

கி.பி. 1014இல் மன்னன் மறைந்தான். மகன் இராஜேந்திரன் அரசேற்றான். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் ஐப்பசிச் சதயத்தில் தஞ்சையில் அவனுக்கு விழா எடுக்கப்படுகின்றது.

போரால் இடம்பெயர்ந்து மீண்டு, சிதைந்த ஆலயங்களை மீளவும் எழுப்பிவரும் வன்னி மண்ணின் அடியார்களுக்கு அவனது வாழ்வில் நல்லதொரு பாடம் உண்டு. கோபுரம் உயர்வதும் கும்பாபிஷேகம் சிறப்பதும் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் ஒருவேளைப் பூசையும் தவறாமல் நடக்கவும், திருமுறை ஓதுவாரும் தவில், நாதஸ்வரக் கலைஞரும் மனங்குறையாது வாழவும், ஏழை தந்த ஒரு போத்தல் எண்ணெயும் கணக்கில் ஏறவும் வழிசெய்வதே நிலைத்த திருப்பணியாகும்.