கொடைமலையில் ஞாயிறு கண்ட ஜோன் எவர்ஷெட்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்தே வாழும் எமக்கு, ஞாயிறு கடலினின்றும் எழுவது நாள்தோறும் காணும் காட்சி. பழகிய காட்சியாதலின் அதனைப்பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. 2019ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி காலையிற் கிரகணம் நிகழ்ந்தது போன்ற நாட்களிலேதான் எம்மவர் அண்ணாந்து நோக்குகின்றனர். அந்த ஞாயிற்றின் முகத்தே தோன்றும் கருங்களங்கங்களில் நிகழ்வது யாது என்பதை, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு மலையொன்றிலிருந்து கண்டு உலகுக்கு உரைத்தவர் ஜோன் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர். அவர்தம் வரலாற்றை எம் இளைஞர் அறிதல் நன்று எனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவர் 1864ஆம் ஆண்டு பெப்ரவரி 26இல் இங்கிலாந்திலே சரே மாகாணத்துக் கோம்ஷல் என்னும் ஊரிற் பிறந்தார். இலண்டனில் ஓர் இரசாயனக் கம்பெனியிலே பரிசோதகராக ஊதியத்துக்கு உழைத்தார். வானநூல் அவருக்கு ஓய்வுநேரத் தொழிலேயாம். 1890இல் கென்லி என்னுமிடத்துத் தம் வீட்டருகே சிறிய வானாய்வு நிலையமொன்றை அமைத்தார். நண்பர் றன்யாட் என்பார் 1894இல் இறந்தபோது விட்டுச்சென்ற 18 அங்குலத் தொலைகாட்டி அவர் கைக்கு வந்தது.

கிரகணங்களைத் தேடி அவர் அலைந்த கதை நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியது. 1896இல் நோர்வேக்குச் சென்றார், முகில் மறைத்தது. 1900இல் அல்ஜீரியாவிலே, முழுமறைப்பின் ஓரத்தில் நிற்க விரும்பியவர் எல்லைக்குச் சற்று வெளியே நின்றுவிட்டார். 1905இல் ஸ்பெயினிலும் முகிலே வென்றது. இடையே 1898 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்து தல்னி என்னுமிடத்தில் எடுத்த படங்கள் மட்டும் அவர் உள்ளம் நிறையும் வண்ணம் அமைந்தன. இத்தனை ஏமாற்றங்களுக்குப் பின்னும் ஒருவர் தம் கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு மீண்டும் கப்பலேறுவாராயின், அவரிடத்து ஏதோ ஒரு பிடிவாதம் இருந்திருத்தல் வேண்டும்.

கொடைக்கானல் நிலையம் தோன்றியதற்குக் காரணம் பஞ்சமாகும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பின்னர், சூரிய களங்கங்களின் பெருக்கத்துக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டோ என ஆராயும் நோக்கம் எழுந்தது. ஏறத்தாழ 7,700 அடி உயரத்திலே, மிச்சி சிமித் என்பாரின் தலைமையில், 1899இல் இந்நிலையம் நிறுவப்பட்டது. 1906இல் மணம்புரிந்த எவர்ஷெட், வில்லியம் ஹகின்ஸ் என்னும் வானநூலறிஞரின் பரிந்துரையால் 1907இல் இங்கு உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார். மனைவி மேரியும் வானநூல் வல்லவர்.

அங்கிருந்த பெருங்கருவியின் அமைப்பை நம் மாணவர் அறிதல் வேண்டும். கனமான தொலைகாட்டியை ஞாயிற்றின் பின்னே திருப்புவது கடினம். ஆதலின் 18 அங்குலக் கண்ணாடி ஒன்றை மட்டும் கடிகாரப் பொறியினாற் சுழற்றி, ஒளியை எப்போதும் ஒரே திசையில் அனுப்பினர். வில்லையும் நிறமாலைக் கருவியும் அசையாது கட்டடத்தினுள்ளே கிடந்தன. இக்கருவியைச் செம்மைப்படுத்திச் சுண்ணாம்பணுக்களின் ஒளியிலே ஞாயிற்றை நாள்தோறும் படம்பிடித்த எவர்ஷெட், ஐதரசன் ஒளியிற் படம்பிடிக்கப் பிறிதொன்றையும் அமைத்தார்.

இனி அவர் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்புக்கு வருவோம். 1908இல் அமெரிக்காவிலே ஹேல் என்பார், களங்கங்களைச் சூழ்ந்து சுழிகள் போன்ற தோற்றம் இருப்பதைக் கண்டார். களங்கங்களில் வலிய காந்தப்புலம் உண்டென்பதையும் நிறுவினார். களங்கமானது ஒரு சூறாவளி, அதனுள் வாயு சுழல்கின்றது என்பதே அக்காலத்து எதிர்பார்ப்பு. எவர்ஷெட்டும் அச்சுழற்சியைக் காணவே கருவியைத் திருப்பினார்.

மட்டக்களப்பு வீதியில் ஊதிக்கொண்டு வரும் பஸ்ஸின் ஒலி அண்மும்போது உயர்ந்தும் அகலும்போது தாழ்ந்தும் கேட்பதை யாவரும் அறிவர். ஒளிக்கும் இந்நியதி உண்டு. நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு ஊதாப்பக்கம் நகரும். விலகிச் செல்வதன் கோடு சிவப்புப்பக்கம் நகரும். 1909 ஜனவரியில், விளிம்பை அடுத்த களங்கங்களை எவர்ஷெட் நோக்கினார். களங்கத்தின் நடுவேயுள்ள கரிய பகுதியைச் சூழ்ந்து மங்கலான வளையம் ஒன்று உண்டு. ஞாயிற்று வட்டத்தின் மையத்தை நோக்கிய திசையிலே பிளவை வைத்தபோது அவ்வளையத்தின் கோடுகள் நகர்ந்தன; அதற்குச் செங்குத்தாக வைத்தபோது நகரவில்லை. வாயு சுழலுமாயின் இதற்கு மாறாகவே நிகழ்ந்திருக்கும். வட்டத்தின் நடுவிலுள்ள களங்கங்களிலோ நகர்ச்சியே இல்லை. ஆகவே வாயு சுழலவுமில்லை, மேலெழவுமில்லை. நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் வேகத்தில் நடுவிலிருந்து புறம்நோக்கி, மேற்பரப்புக்கு இணையாகப் பரவுகின்றது என அவர் முடிவு கட்டினார். தாம் தேடிச் சென்றது ஒன்று, கண்டது மற்றொன்று, கண்டதையே வெளியிட்டார். எவர்ஷெட் விளைவு என இன்றும் வழங்குவது இதுவே.

1911இல் அவர் இயக்குநரானார். 1915இல் றோயல் சங்கத்து உறுப்பினரும் ஆனார். ஞாயிற்றை ஆராய மலையுச்சியே சிறந்ததெனப் பலர் எண்ணிய காலத்தில், அவர் 1915இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குச் சென்று, நீர்நிலைகளும் நீர் நின்ற வயல்களும் சூழ்ந்த சமதரையிலே ஞாயிற்றின் பிம்பம் நடுக்கமின்றித் தெளிவாய் நிற்பதைக் கண்டார். பிற்காலத்தே உதயபூரில் ஏரி நடுவே சூரிய ஆய்வு நிலையம் அமைந்ததும் நீரின் இந்நன்மை கருதியே. இதனைப் படித்தபோது சம்மாந்துறை வயல்வெளி எம் நினைவுக்கு வந்ததை மறைப்பதற்கில்லை. மாரிக்கால முகிற்கூட்டம் எம்மை அவ்வெண்ணத்தினின்றும் மீட்டது.

அவர் தவறாதவர் அல்லர். ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி ஞாயிற்றொளியின் கோடுகள் சிறிது சிவப்புப்பக்கம் நகர்தல் வேண்டும். அந்நகர்ச்சியை அளந்த எவர்ஷெட், பூமியே ஞாயிற்றின் வாயுவைத் தள்ளுகின்றதோ என ஐயுற்றார். அதனைச் சோதிக்க வெள்ளிக் கோளிற் பட்டு மீளும் ஒளியைப் பலமுறை ஆராய்ந்தார். அவ்வெண்ணம் நிலைபெறவில்லை, பின்னர் ஐன்ஸ்டைன் பக்கமே சார்ந்தார். 1922இல் அவுஸ்திரேலியாவின் வொல்லல் கடற்கரைக்குக் கிரகணம் காணச் சென்றபோதும், கருவிகள் பழுதுற்றமையால் வெறுங்கையுடன் மீண்டார்.

காரைதீவில் தோன்றி விஞ்ஞானம் கற்பித்த சுவாமி விபுலாநந்தர் 1922இல் மயிலாப்பூர் மடத்தை அடைந்தபோது எவர்ஷெட் கொடைமலையிலேயே இருந்தார். ஒரே மாகாணத்தில் வாழ்ந்த இவ்விருவரும் சந்தித்திருப்பின் எத்துணைச் சுவையாயிருந்திருக்கும் என எண்ணிப் பார்க்கின்றோம்.

1923இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து மீண்ட எவர்ஷெட், இயூஹேர்ஸ்ட் என்னும் சிற்றூரில் மீண்டும் சொந்த நிலையம் அமைத்து, ஊதியமின்றி, இளமையிற் செய்ததையே தொடர்ந்தார். மேரி 1949இல் மறைந்தார். கணவர் 1953 வரை கோடுகளை அளந்து, பின்னர் நிலையத்தை மூடினார். 1956 நவம்பர் 17இல், 92ஆவது வயதிற் காலமானார். அவர் செம்மைப்படுத்திய கருவியால் எடுத்த படங்கள் கொடைக்கானல் நிலையத்திலே 1904 முதல் தொடரும் வரிசையிற் சேர்ந்து, இன்றைய ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.