வடிதுணியும் அர்-ராஸியும்

கேமரன் மலையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வடிதுணியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொதிநீரில் ஊறிய தேயிலைத் தூளைத் துணியில் ஊற்றினால் சக்கை மேலே நின்றுவிடும். நிறமும் துவர்ப்பும் நீரில் கரைந்துவிட்டதால் இழைகளின் ஊடே இறங்கிவிடும். பள்ளிப் பாடத்தில் இதற்கு வடிகட்டல் என்று பெயர். அடுப்படியில் நடக்கும் இந்த வேலையை ஆய்வுக்கூட முறைகளுள் ஒன்றாக வரிசைப்படுத்தி எழுதிய பேரறிஞர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி.

ஹிஜ்ரி 251இல் (கி.பி. 865), இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரய் நகரில் பிறந்தார். முப்பது வயதைக் கடந்த பிறகே மருத்துவம் கற்றார் என்பார்கள். ரய்யிலும் பின்னர் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்தார். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று அடையாளம் பிரித்துக் காட்டிய நூல் அவருடையது. அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் ஏற்கவில்லை. அது தனிக் கதை.

அக்காலத்து ரசவாதிகள் பலர் தங்கள் வித்தையை விடுகதை போல மறைத்து எழுதினார்கள். அர்-ராஸியின் நூலுக்கும் ‘கிதாபுல் அஸ்ரார்’, அதாவது இரகசியங்களின் நூல் என்றுதான் பெயர். திறந்து பார்த்தால் கடைச் சாமான் பட்டியல் போல இருக்கும்: உலை, இடுக்கி, மூசை, குடுவை, வடிகட்டும் துணி. அந்த வடிகட்டிக்கு அரபியில் ‘ராவூக்’ என்று பெயர். பானம் வடிக்கும் சாதனத்துக்கும் அதே சொல்தான்.

கரைத்தல், வடித்தல், வற்றவைத்தல், படிகமாக்கல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வேலையாக அவர் பிரித்தார். காரணம் உண்டு. மண் கலந்த உப்பை அப்படியே துணியில் போட்டால் ஒன்றும் பிரியாது. முதலில் நீரில் கரைக்க வேண்டும். வடித்தால் மண் துணியில் தங்கும், உப்பு நீரோடு போய்விடும். பிறகு நீரை வற்றவைத்தால்தான் உப்பு கைக்கு வரும். வரிசை மாறினால் வேலை கெட்டது.

எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு நூல். மருத்துவர் அருகில் இல்லாத எளியவர்களுக்காக, எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அதை எழுதினார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில், தோட்டத்து டிரெசரையே நம்பி இம்மலையில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை புரிந்திருக்கும்.

கடைசிக் காலத்தில் பார்வை இழந்து, ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) ரய்யிலேயே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை மாணவர்கள் ‘அல்-ஹாவீ’ என்ற பெருநூலாகத் தொகுத்தார்கள். 1279இல் அது இலத்தீனுக்குப் போனது.