அச்சுக்காரர் ஒருவரின் கணக்கேடு

கற்றோர் கணக்கை இகழ்தல் நம்மிடையே நெடுநாள் வழக்கு. பாட்டும் உரையும் பயின்றவன் கையில் காசு தங்காது என்பதை நாம் ஒருவகைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கின்றோம். யானும் அவ்வாறு எண்ணித் திரிந்தவனே. இளமையில் நண்பர் இருவரோடு கூடி, ஆண்டுக்கு நான்கு முறை வெளிவரும் இலக்கிய ஏடு ஒன்றைத் தொடங்கினேன். அன்பர்கள் ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே அனுப்பினர். அப்பணத்தை ஒரு தகரப் பெட்டியில் இட்டோம். கடதாசிக்கும் அச்சுக்கூலிக்கும் அதிலிருந்தே எடுத்தோம். நண்பரொருவர் வீட்டில் நோய் வந்தபோதும் அதிலிருந்தே எடுத்தோம். கணக்கு மாத்திரம் எழுதினோமில்லை. மூன்றாம் இதழோடு பெட்டி வெறுமையாயிற்று, ஏடும் நின்றது. சந்தா அனுப்பியவர்களுள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பின்னர் பன்முறை வழியிற் கண்டோம். நான்காம் இதழைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டிலர். அவர் கேளாமையே எனக்குப் பெருஞ் சுமையாயிற்று.

சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பெஞ்சமின் பிராங்கிளினின் வரலாற்றை யான் ஊன்றிப் படித்தேன். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என நிறுவிய அறிஞர் என்றும், அமெரிக்க நாட்டின் விடுதலைச் சாசனத்திற் கைச்சாத்திட்ட அரசியலாளர் என்றும் மாணாக்கர் அவரை அறிவர். ஆயின் அவர் முதலில் ஓர் அச்சுக்காரர்; கடன்பட்டுச் சிறு கடை ஒன்றைத் தொடங்கி, அதனைக் கணக்கால் வளர்த்தவர். அப்பகுதியையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

பிராங்கிளின் 1706 ஆம் ஆண்டு சனவரி 17 ஆந் திகதி பொஸ்ரன் நகரிற் பிறந்தார். தந்தையார் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். பிள்ளைகள் பதினெழுவர், அவருள் இவரே கடைசி ஆண்மகன். பள்ளியிற் பயின்றது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். அங்கே எழுத்து நன்கு வந்தது, கணக்கு வந்திலது. இதனை ஆசிரியர்களாகிய நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். கணக்கிலே தவறிய அச்சிறுவர், பதினாறு வயதளவில் தமது அறியாமைக்கு நாணி, கணித நூல் ஒன்றைத் தாமே எடுத்து முழுவதும் கற்றுத் தேர்ந்தார். பள்ளியிற் கைவராதது வாழ்க்கையிலும் கைவராது என்பது விதியன்று.

பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலும் பையனாகச் சேர்ந்தார். அங்கே ஊனுணவை விடுத்து மரக்கறி உண்ணத் தொடங்கினார். தம் உணவுக்கெனத் தமையனார் செலவிடும் தொகையிற் பாதியைத் தம் கையில் தந்தால், தாமே சமைத்து உண்பதாகக் கூறினார். தமையனார் உடன்பட்டார். கிடைத்த பாதியிலும் ஒரு பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். வரவு குறைவாயினும் செலவு அதனினுங் குறைவாயின் முதல் பிறக்கும் என்னும் உண்மையை அவர் கண்டது அச்சமையற் கட்டிலேதான்.

1723 இல் தமையனாரோடு பிணங்கி ஓடிப்போய்ப் பிலடெல்பியா நகரை அடைந்தபோது அவர் கையில் ஒரு வெள்ளி நாணயமும் சில செப்புக் காசுகளுமே இருந்தன. அங்கே கெய்மர் என்னும் அச்சுக்காரரிடம் வேலைக்கமர்ந்தார். அடுத்த ஆண்டில் அவர் வாழ்வில் இரு இடர்கள் நேர்ந்தன. அவற்றுள் ஒன்று தாமே தேடிக்கொண்டது. மற்றொன்று பிறர் இழைத்தது.

தாமே தேடிக்கொண்டது இது. வெர்னன் என்பார், பென்சில்வேனியாவில் ஒருவரிடமிருந்து தமக்கு வரவேண்டிய ஏறக்குறைய 35 பவுணைப் பெற்று, தாம் கேட்கும்வரை வைத்திருக்குமாறு இளைஞராகிய பிராங்கிளினிடம் ஒப்புவித்தார். பிராங்கிளினின் பாலிய நண்பர் கொலின்ஸ் குடிப்பழக்கத்தில் வீழ்ந்து, அப்பணத்திலிருந்து சிறிது சிறிதாகக் கடன் கேட்டார். நட்பின் பொருட்டு இவரும் கொடுத்தார். கொலின்ஸ் பார்படோஸ் தீவுக்குப் போனார். பணமும் வந்திலது, செய்தியும் வந்திலது. வெர்னன் என்று கேட்பாரோ என்னும் அச்சம் பிராங்கிளினின் நெஞ்சிற் பல ஆண்டுகள் குடிகொண்டது. முதிய வயதில் வாழ்க்கை வரலாறு எழுதியபோதும் இதனை அவர் மறைத்திலர். தம் வாழ்க்கைப் பிழைகளை அச்சுப்பிழை என்னும் பொருள்படும் தொழிற்சொல்லாலேயே குறித்தார். இதனை அவற்றுள் பெரியதொன்றாக எண்ணினார். தகரப் பெட்டியை நினைந்து, இப்பகுதியைப் படித்தபோது யான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

பிறர் இழைத்த இடர், ஆளுநர் கீத் என்பவரால் வந்தது. அச்சுக்கூடம் வைத்துத் தருவதாகவும், யந்திரமும் எழுத்தும் வாங்குதற்குக் கடன்முறிகள் தருவதாகவும் அவர் வாக்களித்தார். அதை நம்பி 1724 இல் இலண்டனுக்குக் கப்பலேறினார் பிராங்கிளின். அங்கே இறங்கிய பின்னரே அத்தகைய முறிகள் எவையும் இல்லை என்பது தெரிந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இலண்டன் அச்சுக்கூடங்களிற் கூலிக்குழைத்தார். உடன் வேலை செய்தோர் வாரந்தோறும் நான்கைந்து சிலிங்கை பியருக்கே செலவிட, இவர் தண்ணீரே பருகினார்.

அக்காலத்தில் வந்து வாய்த்த நல்லாசிரியர் தோமஸ் டெனம் என்னும் வணிகர். இவர் முன்பு பிரிஸ்ரல் நகரில் வணிகஞ் செய்து நொடித்து, கடன்காரரோடு ஓர் இணக்கத்துக்கு வந்து, அமெரிக்கா சென்று பெரும்பொருள் ஈட்டியவர். மீண்டும் இங்கிலாந்துக்கு வந்தபோது பழைய கடன்காரர் அனைவரையும் விருந்துக்கு அழைத்தார். அவர்கள் நன்றி சொல்லக் கருதியே அழைத்தார் என எண்ணி வந்தனர். முதற்பரிகலம் எடுக்கப்பட்டபோது ஒவ்வொருவரின் தட்டின் கீழும், செலுத்தாது விடப்பட்ட கடன் முழுவதற்கும் வட்டியோடு வங்கிமுறி இருந்தது. சட்டம் விட்டாலும் தன் நெஞ்சம் விடாத கடன் ஒன்றுண்டு என்பதை டெனம் அறிந்திருந்தார். 1726 இல் அவரோடு பிலடெல்பியாவுக்குத் திரும்பிய பிராங்கிளின், அவருடைய கடையிலேதான் முறைப்படி கணக்கெழுதக் கற்றார்.

டெனம் நோயுற்று மறைந்தார். பிராங்கிளின் மீண்டும் கெய்மரிடம் சென்று சிறிது காலம் உழைத்தார். பின்னர் 1728 இல் உடன் வேலை செய்த ஹியூ மெரிடித் என்பவரோடு பங்காளியாகிச் சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். முதல் மெரிடித்தின் தந்தையாருடையது, தொழிற்றிறம் பிராங்கிளினுடையது. சந்தையின் அருகே ஆண்டுக்கு 24 பவுண் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தனர். வீட்டின் ஒரு பகுதியை ஒரு குடும்பத்துக்கு விட்டு வாடகையின் பெரும்பங்கை அவர்களிடமே பெற்றனர். உணவையும் அவர்களிடமே ஒழுங்கு செய்துகொண்டனர். எழுத்துப் பெட்டிகளைத் திறந்து அடுக்குமுன்னரே நண்பரொருவர் நாட்டுப்புறத்தார் ஒருவரை அழைத்து வந்தார். அவர் தந்த 5 சிலிங்கே முதல் வரவு. பின்னாளிற் பெற்ற எந்தத் தொகையினும் அதுவே அவருக்கு இனித்தது; தொழில் தொடங்கும் இளைஞர்க்கு உதவ அவர் என்றும் முன்வந்தமைக்கு அவ்வின்பமும் ஒரு காரணம்.

உழைப்பிற் குறைவில்லை. குவேக்கர் சமயத்தாரின் வரலாற்று நூலின் ஒரு பகுதி அவரிடம் அச்சுக்கு வந்தது. நாளொன்றுக்கு ஒரு தாள் கோத்து முடிப்பதென்று உறுதி கொண்டார். ஓரிரவு வேலை முடிந்தது என்று எண்ணியபோது கோத்த எழுத்துக்கள் தவறி விழுந்து இரு பக்கங்கள் குலைந்தன. அவற்றை மீண்டும் கோத்த பின்னரே உறங்கப் போனார். அயலார் இதனைக் கண்டனர். கடன் கொடுப்போர் காதுக்கும் இச்செய்தி எட்டியது.

ஆயினும் நெருக்கடி வந்தது. மெரிடித்தின் தந்தையார் தருவதாக ஒப்புக்கொண்ட 200 பவுணில் 100 பவுணே தர முடிந்தது. எஞ்சிய தொகைக்காக யந்திரம் தருவித்த வணிகர் வழக்கிட்டார். யந்திரமும் எழுத்தும் ஏலம் போகும் நிலை. அவ்வேளையில் வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்னும் நண்பர் இருவர், ஒருவர் அறியாது மற்றவராய், தனித்தனியே வந்து வேண்டிய பணம் முழுவதையும் தருவதாகக் கூறினர். குடித்துத் திரியும் மெரிடித்தின் கூட்டு வேண்டாம் என்பதே அவர்களின் கருத்து. பிராங்கிளினோ மெரிடித்தும் அவர் தந்தையாரும் தமக்குச் செய்த நன்றியை எண்ணித் தாமாக விலகச் சொல்லார் என்றார். சின்னாட்களில் மெரிடித்தே பயிர்த்தொழிலை நாடிப் போக விரும்பினார். தந்தையார் இட்ட 100 பவுணைத் திருப்பிக் கொடுத்தல், தம் சில்லறைக் கடன்களைத் தீர்த்தல், 30 பவுணும் புதிய சேணம் ஒன்றுந் தருதல் ஆகியவையே அவர் கேட்டவை. பிராங்கிளின் உடன்பட்டார். நண்பர் இருவருள் ஒருவர் மனமும் வருந்தாவண்ணம் ஒருவரிடம் பாதியும் மற்றவரிடம் பாதியும் கடன் பெற்றார். 1730 இல் அச்சுக்கூடம் அவர் ஒருவருடையதாயிற்று.

அதன்பின் அவர் நடத்திய முறையே நாம் கற்கவேண்டிய பாடம். முன்னைய ஆண்டில் வாங்கிய பத்திரிகையை நன்கு நடத்தினார். ஆயின் பத்திரிகை ஒன்றையே நம்பியிராது, நீதிமன்றங்களுக்கும் வணிகர்க்கும் நாள்தோறும் வேண்டிய வெற்றுப் படிவங்களைப் பிழையின்றி அச்சிட்டு விற்றார். கடதாசி, தோற்றாள், சிறு நூல்கள் விற்கும் கடையும் வைத்தார். வாங்கிய கடதாசியைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே கொண்டுவந்தார். 1730 இல் மணந்த மனைவியார் டெபோறா கடையைப் பார்த்தார். நூல்களை மடித்துத் தைத்தார். கடதாசி ஆலைகளுக்கெனக் கந்தைத் துணி வாங்கினார். வீட்டில் வீண் வேலையாட்கள் இல்லை. காலையுணவு மண்கிண்ணத்தில் பாலும் பாணும். ஒருநாள் அது சீனக்கிண்ணத்தில் வெள்ளிக்கரண்டியோடு வந்தது. கணவர் அறியாமல் மனைவியார் 23 சிலிங்குக்கு வாங்கியிருந்தார். ஆடம்பரம் வீட்டினுள் எவ்வாறு ஓசையின்றி நுழைகின்றது என்பதற்கு இதனை அவரே நகைச்சுவையோடு எடுத்துக்காட்டினார். 1732 இன் இறுதியில் வெளியிடத் தொடங்கிய பஞ்சாங்கம் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினாயிரம் படிகள் விற்றது.

வருவாய் வரத் தொடங்கியதும் பழங்கடன்களைத் தீர்த்தார். அக்காலத்தில் வெர்னனிடமிருந்து நினைவூட்டல் வந்தது, நெருக்கவில்லை. பிராங்கிளின் உண்மையை ஒளியாது எழுதிச் சிறிது தவணை வேண்டினார். இயன்ற உடனே முதலையும் வட்டியையும் நன்றியோடு செலுத்தினார்.

பிற ஊர்களிலும் அவர் கூட்டு அச்சுக்கூடங்கள் அமைத்தார். யந்திரமும் எழுத்தும் அவர் தருவார். செலவில் மூன்றிலொன்றை ஏற்று, இலாபத்தில் மூன்றிலொன்றைப் பெறுவார். கொள்வன கொடுப்பன யாவும் தொடக்கத்திலேயே எழுத்தில் அமையும். அதனாற் பிரியும்போதும் பகை இல்லை. தென் கரோலைனாவின் சாள்ஸ்ரன் நகரிலே லூயிஸ் திமோதி என்பார் இவ்வாறு பங்காளியாயினார். அவர் கற்றவர், நேர்மையாளர். ஆயின் கணக்கறியார். பணம் சிலபோது வரும். கணக்கு ஒருநாளும் வராது. 1738 இல் அவர் இறந்தார். கைம்பெண்ணாகிய எலிசபெத் திமோதி ஒல்லாந்தில் வளர்ந்தவர். பெண்பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தல் அந்நாட்டு வழக்கம். பழைய கொடுக்கல் வாங்கல்களைத் தேடித் தொகுத்து இயன்றமட்டில் தெளிவான கணக்கை அனுப்பினார். பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தவறாது அனுப்பிவந்தார். பத்திரிகையையும் நடத்திப் பிள்ளைகளையும் வளர்த்து, கூட்டுத் தவணை முடிந்ததும் அவ்வச்சுக்கூடத்தைப் பிராங்கிளினிடம் விலைக்கு வாங்கி மகனுக்கு அளித்தார். இளம்பெண்களுக்கு இசையினும் நடனத்தினும் கணக்கே பெருந்துணை எனப் பிராங்கிளின் பின்னர் வற்புறுத்தியதற்கு இவ்வம்மையாரே காரணம். ஒரே கடை, ஒரே முதல். கற்றவர் கையில் நிலைதளர்ந்தது, கணக்கறிந்தவர் கையில் நிமிர்ந்தது.

அவர் ஏட்டிற் கறையும் உண்டு. அவர் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் பத்திரிகையில் வெளியிட்டுப் பணமும் பெற்றார். முதுமையில் அக்கொடுமையை எதிர்த்தார். 1787 இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராயினார். இறப்பதற்குச் சில வாரங்களின் முன், 1790 பெப்ரவரியில், அதனை ஒழிக்குமாறு காங்கிரசுக்கு மனுவும் விடுத்தார். வட்டியோடு தீர்க்கக்கூடிய கடன் அன்று அது. சரிதம் எழுதுவோர் செலவுப் பக்கத்தை மறைத்தலும் பொய்க்கணக்கே.

1748 இல், நாற்பத்திரண்டாம் வயதில், தொழிலைத் தம் மேற்பார்வையாளர் டேவிட் ஹோலிடம் ஒப்புவித்தார். பதினெட்டு ஆண்டுகள் இலாபத்திற் பாதி என்பது உடன்படிக்கை. 1752 இல் நடத்திய பட்ட ஆராய்ச்சியும் பின்னைய நாட்டுப்பணியும் இந்த ஓய்வினால் இயன்றவை. அவர் பணத்தைச் சேர்த்தது காலத்தை வாங்குதற்கே.

1790 ஏப்பிரல் 17 இல் அவர் மறைந்தார். மரண சாசனத்திலே பெரும்பதவிகளுக்கு முன் தம்மை அச்சுக்காரர் என்றே குறித்திருந்தார். அதனோடு இணைத்த பத்திரத்தில், நண்பர் இருவர் அன்போடு தந்த கடனே தம் செல்வத்துக்கு அடித்தளம் என்று நினைவுகூர்ந்து, பொஸ்ரனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தனித்தனி 1,000 பவுண் வைத்தார். தொழில் பயின்று முடித்த, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, மணமான இளந்தொழிலாளர்க்கு அதிலிருந்து கடன் கொடுத்தல் வேண்டும். நல்லோர் இருவர் பிணை நிற்றல் வேண்டும். வட்டி நூற்றுக்கு ஐந்து, தவணை பத்தாண்டு. இருநூறு ஆண்டுக்குத் திட்டமிட்டார். காலம் மாறியதால் அக்கடன் முறை அவர் எண்ணியவாறே முழுதும் நடந்திலது. ஆயினும் 1990 இல் நிதி முதிர்ந்தபோது பொஸ்ரனில் நாற்பது இலட்சம் டொலருக்கு மேலும், பிலடெல்பியாவில் ஏறத்தாழ இருபது இலட்சம் டொலரும் இருந்தன.

கோல்மனுக்கும் கிரேசுக்கும் பட்ட கடனை அவர் முன்னரே தீர்த்துவிட்டார். ஆயினும் அது தீர்ந்ததாக அவர் நெஞ்சம் எழுதிக்கொள்ளவில்லை. நன்றியையும் ஒரு கணக்காகக் கொண்டு, தாம் காணாத தலைமுறைக்குச் செலுத்தினார்.

அவர் வரலாற்றைப் படித்து முடித்தபின் யான் அவ்வாசிரியர் வீட்டைத் தேடிச் சென்றேன். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் துணைவியாரிடம் ஓர் இதழின் விலையைக் கொடுத்துக் காரணத்தைச் சொன்னேன். அம்மையார் சிரித்து, அம்மூன்று இதழ்களையும் அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

இப்பொழுது எம் மாணாக்கர் கையெழுத்து ஏடு ஒன்று நடத்துகின்றனர். முதலிதழுக்குக் கவிதை கேட்டு வந்தபோது, வரவு செலவு எழுத ஒரு கோடிட்ட கொப்பி வாங்கினீர்களா என்றே முதலிற் கேட்டேன். பண்டிதர் இப்படிக் கேட்கிறாரே என்று அவர்கள் ஒருவரையொருவர் நோக்கினர். மறுநாள் கொப்பியோடு வந்தனர். அதன் முதல் வரியில் அக்கொப்பியின் விலை எழுதப்பட்டிருந்தது.