தன் தோளுக்குத் தானே வைத்தியம் செய்த கேலன்

முதல் நாள் ஓடியாடித் தேகப்பயிற்சி செய்தவர் மறுநாள் காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார். தொடை கனக்கிறது. முதுகுத் தசை கட்டிக்கொண்டு முடிச்சு முடிச்சாக வலிக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவலாமா? வெந்நீர் ஊற்றலாமா? படுத்துக் கிடப்பது நல்லதா? வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

இந்தக் கேள்விக்கு 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பாடுபட்டு விடை தேடினார். அவர்தான் கேலன். யுனானி வைத்தியர்கள் அவரை ஜாலினூஸ் என்று சொல்வார்கள்.

தந்தை கண்ட கனவு

கி.பி. 129-ம் ஆண்டில் பெர்கமம் என்ற நகரத்தில் கேலன் பிறந்தார். இன்று அந்த ஊர் துருக்கி நாட்டில் இருக்கிறது. தந்தை நிக்கோன், கட்டடக் கலை வல்லுநர், வசதி படைத்தவர். மகன் தத்துவம் படித்துப் பெயர் எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார். கேலனுக்கு 16 வயதானபோது தந்தை ஒரு கனவு கண்டார். அதன்படி மகனை வைத்தியப் படிப்பில் சேர்த்துவிட்டார்.

சில ஆண்டுகளில் தந்தை இறந்து போனார். கேலன் படிப்பை விடவில்லை. ஸ்மிர்னா, கொரிந்து, எகிப்தில் உள்ள அலெக்சாந்திரியா என்று ஊர் ஊராகச் சென்று கற்றார். 28-வது வயதில் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

வாள் வீரர்களின் வைத்தியர்

ரோமாபுரி ஆட்சியில் மனிதர்களை மோத விட்டு வேடிக்கை பார்ப்பது வழக்கம். வாள் ஏந்திச் சண்டை போடும் அந்த வீரர்களைக் 'கிளாடியேட்டர்கள்' என்பார்கள். பெர்கமத்து வீரர்களுக்கு கி.பி. 157-ல் கேலன் வைத்தியரானார். நான்கு ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தார்.

வெட்டுக் காயம், சுளுக்கு, வீக்கம், அடிபட்ட தசை என்று தினமும் ஏதாவது ஒன்று வரும். முன்பெல்லாம் காயத்தால் பலர் இறந்தார்கள். தன் காலத்தில் இறந்தவர்கள் மிகச் சிலரே என்று கேலன் எழுதி வைத்திருக்கிறார். உழைத்துக் களைத்த உடம்பு எப்படி இருக்கும், அது எப்படித் தேறும் என்பதை அவர் அங்கேதான் நேரில் பார்த்தார்.

தோள் பிசகியது

பிறகு கேலன் தலைநகரான ரோமாபுரிக்குப் போனார். அவரும் மல்யுத்தப் பயிற்சி செய்கிறவர். 35-வது வயதில் ஒரு நாள் மல்யுத்தக் கூடத்தில் அவருடைய தோள் பிசகிவிட்டது.

கை மூட்டு கழன்றுவிட்டது என்று நினைத்து, அங்கிருந்தவர்கள் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். வலி உயிர் போயிற்று. அந்த வேதனையிலும் கேலன் தன் அக்குளைத் தொட்டுப் பார்த்தார். மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது! பிசகியது தோள்பட்டை எலும்பின் பக்கம் உள்ள காறை எலும்பு. உடனே இழுப்பதை நிறுத்தச் சொன்னார். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் கேடு பெரிதாகியிருக்கும்.

தோளை இறுக்கமாகக் கட்டச் செய்தார். வெதுவெதுப்பான எண்ணெயை இடைவிடாது ஊற்றச் சொன்னார். 40 நாட்கள் கட்டை அவிழ்க்கவில்லை. பொறுமைக்குப் பலன் கிடைத்தது, தோள் குணமாகியது.

எல்லா வலியும் ஒன்றல்ல

பிற்காலத்தில் கேலன், மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியின் அரண்மனை வைத்தியராக உயர்ந்தார். உடல்நலம் காப்பது பற்றி ஆறு பாகங்கள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். பயிற்சியால் வரும் அலுப்பை அதில் வகை பிரித்துக் காட்டினார்.

தொட்டாலும் அசைந்தாலும் புண் போல வலிப்பது ஒரு வகை. நரம்பை முறுக்கி இழுத்தது போல விறைத்துக் கொள்வது இன்னொரு வகை. வீங்கிச் சூடாகி வலிப்பது மூன்றாவது வகை.

முதல் இரண்டுக்கும் நிறைய எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். வெந்நீர்க் குளியலும் ஓய்வும் வேண்டும் என்றார். வீங்கிச் சூடாக இருந்தால் கை பட்டும் படாமலும் தடவ வேண்டும். ஓய்வே முக்கியம் என்றார். அழுத்தித் தேய்த்தால் உடம்பு இறுகும், மெல்லத் தேய்த்தால் தளரும் என்பது அவர் பின்பற்றிய பழைய விதி.

பயிற்சியைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றும் அவர் வற்புறுத்தினார். இலேசான அசைவுகளோடும் எண்ணெய்த் தேய்ப்போடும் படிப்படியாக முடிக்க வேண்டும். பரிசுக்காக அளவு கடந்து உடம்பை வருத்தும் மல்லர்களை அவர் கண்டித்தார்.

இளமையில் அடிக்கடி நோயில் விழுந்தவர் கேலன். 28 வயதுக்குப் பிறகு தன் விதிகளைத் தானே கடைப்பிடித்தார். 87 வயது வரை வாழ்ந்தார் என்று அரபு நூலாசிரியர்கள் கூறுகிறார்கள்.

இன்றைய வைத்தியம்

கேலன் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியல்ல. கெட்ட நீர் தேங்குவதால் அலுப்பு வருகிறது என்று அவர் நம்பினார். பழக்கமில்லாத வேலை செய்தால் தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மறுநாள் வலிக்கு அதுவே காரணம் என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் வலி உச்சத்தை அடையும். சுமார் ஒரு வாரத்தில் தானே மறையும்.

ஆனால் கேலன் சொன்ன சிகிச்சையில் பெரும் பகுதி இன்றும் பொருந்துகிறது. மெதுவாக நடக்கலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். இதமாக நீவி விடலாம். வலி ஓரளவு குறையும். அடுத்த பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தை மட்டும் தேய்க்கவே கூடாது. வலி தாங்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கறுத்துப் பழுப்பு நிறமாக இறங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது ஆபத்தின் அறிகுறி.

மல்யுத்தக் கூடத்தில் கேலனின் கையை இழுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் இழுத்தார்கள். எங்கே, என்ன வலி என்று அவர்கள் பார்க்கவில்லை. நம் வீட்டிலும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன் தொட்டுப் பார்ப்போம். எப்படி வலிக்கிறது என்று கேட்போம். பிறகு தேய்க்கலாம்.